ஒளிப்படக்கருவியின் தொடர் படமெடுப்பு வேகமும் மூடுதிரை ஒலியும்

தொடர் படமெடுப்பு என்பது, எண்ணிம ஒளிப்படக்கருவியின் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பல படங்களை எடுக்கும் முறை ஆகும். இதன் வேகம், ஒரு நொடியில் எடுக்கப்படும் படங்களின் எண்ணிக்கையால் குறிக்கப்படுகின்றது. விளையாட்டு, காட்டுயிர், செய்தி ஆகிய துறைகளில் இவ்வேகம் முக்கியமானது. அதே வேளை, ஷட்டர் எனப்படும் மூடுதிரையின் ஒலி பறவைகளை விரட்டக்கூடும். கோல்ப் ஆட்டக்காரரின் கவனத்தைச் சிதைக்கக்கூடும். எனவே இவ்விரண்டும் சேர்த்தே சோதிக்கப்படுகின்றன.

இயங்கும் முறை

ஒற்றை வில்லை எதிரொளிப்புக் கருவியில் ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடி மேலெழும்; முதல் திரை திறக்கும்; இரண்டாம் திரை மூடும்; பின்னர் கண்ணாடி கீழிறங்கும். மூடுதிரை மீண்டும் ஆயத்தமான பின்னரே அடுத்த படத்தை எடுக்கலாம். இவ்வியக்கங்களே வேகத்துக்கு எல்லையாகவும், ஒலிக்குக் காரணமாகவும் அமைகின்றன.

1999 ஆம் ஆண்டில் வெளிவந்த நிக்கான் டி1 நொடிக்கு 4.5 படங்களை எடுத்தது. 2012 இல் விற்பனைக்கு வந்த கேனான் இஓஎஸ்-1டி எக்ஸ் 12 படங்களை எடுத்தது. கண்ணாடி அற்ற சோனி ஏ9 (2017), மின்னணு மூடுதிரையைக் கொண்டு ஒலியின்றி 20 படங்களை எடுத்தது. 2023 இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III இல் இது 120 ஆக உயர்ந்தது.

வேகத்தைச் சோதித்தல்

படமெடுப்பு வீதத்தை அளப்பதற்கான முறைகளை ஐ.எஸ்.ஓ 15781 என்னும் அனைத்துலகத் தரம் வரையறுக்கின்றது. எளிய கருவிகளைக் கொண்டும் இதனை அளக்கலாம். அதற்குப் பின்வரும் நிலைமைகள் தேவை:

* திறப்பு நேரம் 1/500 நொடி அல்லது அதனினும் குறைவாக இருத்தல். 1/8 நொடி திறந்திருக்கும் கருவியால் நொடிக்கு 10 படங்கள் எடுக்க இயலாது.
* குவியம் கைமுறையில் நிலைநிறுத்தப்பட்டிருத்தல்.
* மின்கலம் முழுமையாக ஊட்டப்பட்டிருத்தல்.
* எல்லாச் சோதனைகளிலும் ஒரே காட்சியும் ஒரே உணர்திறனும் பயன்படுத்தப்படுதல். நுணுக்கமான காட்சிகளில் கோப்பின் அளவு கூடும்.

கருவியின் ஒலியைக் கணினியில் பதிவு செய்து, அலைவடிவத்தில் ஒலிகளுக்கு இடையிலான நேரத்தை அளப்பது நம்பகமான முறையாகும். நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட பதிவில் இரு மாதிரிகளுக்கு இடையே ஏறத்தாழ 0.02 மில்லிநொடி மட்டுமே உள்ளது. ஒரு படத்துக்கே பல முகடுகள் தோன்றுமாதலால், ஒவ்வொரு படத்திலும் ஒரே முகட்டையே கணக்கில் கொள்ளவேண்டும்.

படங்களை அன்றி இடைவெளிகளையே எண்ணவேண்டும். எடுத்துக்காட்டாக, முதல் ஒலிக்கும் ஆறாவது ஒலிக்கும் இடையே 0.5 நொடி எனில், இடைவெளிகள் 5. வேகம் நொடிக்கு 10 படங்கள். ஆறை 0.5 ஆல் வகுப்பவர் 12 என்னும் தவறான விடையைப் பெறுவார்.

இடைநினைவகத்தின் பங்கு

படங்கள் முதலில் இடைநினைவகத்திலும் பின்னர் அட்டையிலும் எழுதப்படுகின்றன. 25 மெகாபைட் கோப்புகளை நொடிக்கு 10 வீதம் உருவாக்கும் கருவிக்கு நொடிக்கு 250 மெகாபைட் இடம் தேவை. அட்டை நொடிக்கு 90 மெகாபைட் மட்டுமே எழுதுமாயின், 160 மெகாபைட் தேங்கும். 800 மெகாபைட் இடைநினைவகம் 5 நொடிகளில், அதாவது 50 படங்களில் நிரம்பிவிடும். அதன்பின் வேகம் நொடிக்கு 3.6 படங்களாகக் குறையும். ஆகவே சோதனையை வேகம் குறைந்து நிலைபெறும் வரை நீட்டிப்பது அவசியமாகும்.

ஒலியைச் சோதித்தல்

ஒலிமானியைக் கருவியில் இருந்து குறிப்பிட்ட தொலைவில், பொதுவாக 1 மீட்டரில், வைத்து அளக்கலாம். திறந்தவெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையுமாதலால், தொலைவைக் குறிப்பிடாத அளவீடு பயனற்றது. பின்னணி ஒலி கருவியின் ஒலியை விடக் குறைந்தது 10 டெசிபெல் தாழ்ந்திருக்கவேண்டும். மேசைப் பலகை அதிர்ந்து ஒலியைப் பெருக்குமாதலால் கருவியை முக்காலியில் பொருத்துவது நல்லது.

மூடுதிரை ஒலி மிகக் குறுகியது. ஒலிமானியின் "விரைவு" அமைப்பு 125 மில்லிநொடி மாறிலியைக் கொண்டிருப்பதால் அவ்வொலியின் உச்சத்தைக் காட்டாது. உச்ச அளவீடே பொருத்தமானது. செல்பேசிப் பதிவுகளில் ஒலியளவு தானாகவே மாற்றப்படுவதுண்டு. அத்தகைய பதிவுகள் நேரத்தை அளக்க உதவும். ஒலியை ஒப்பிட உதவா.

ஒலியற்ற மூடுதிரை

மின்னணு மூடுதிரையில் அலைவடிவ முறை பயன்படாது. அதற்குப் பதிலாக, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் இசைத்தட்டில் ஒரு குறியிட்டுப் படமெடுக்கலாம். தட்டு நொடிக்கு 200 பாகை சுழல்வதால், அடுத்தடுத்த படங்களில் குறி 10 பாகை நகர்ந்திருந்தால் வேகம் நொடிக்கு 20 படங்கள் ஆகும்.

பெரும்பாலான உணரிகள் வரிவரியாகப் படிக்கப்படுவதால், விரைந்து நகரும் பொருட்கள் சாய்ந்தோ வளைந்தோ தோன்றும். 50 ஏர்ட்சு மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுக்கும் விளக்கொளியில், குறைந்த திறப்பு நேரத்தில் எடுத்த படத்தில் தோன்றும் ஒவ்வொரு பட்டையும் 10 மில்லிநொடியைக் குறிக்கும். மூன்று பட்டைகள் இருப்பின் உணரியைப் படிக்க 30 மில்லிநொடி ஆகின்றது எனலாம். ஏ9 III இன் உணரி முழுவதும் ஒரே நேரத்தில் ஒளியைப் பதிவதால் இவ்வகை உருச்சிதைவு அதில் ஏற்படுவதில்லை.

ஒலியின் சமூகப் பயன்

மூடுதிரை ஒலி, படமெடுக்கப்படுபவருக்கு ஓர் அறிவிப்பாகவும் அமைகின்றது. மறைவாகப் படமெடுப்பதைத் தடுக்கும் பொருட்டு, தென் கொரியாவில் 2004 ஆம் ஆண்டில் செல்பேசிக் கருவிகள் 60 முதல் 68 டெசிபெல் வரை ஒலியெழுப்பவேண்டும் எனத் தரம் வகுக்கப்பட்டது. சப்பானில் இது சட்டத்தால் அன்றி, நிறுவனங்கள் தாமாக ஏற்றுக்கொண்ட வழக்கத்தால் நிலைபெற்றது. எனவே ஒலி குறைவது எல்லாச் சூழல்களிலும் நன்மை எனக் கொள்ள இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

* ஒற்றை வில்லை எதிரொளிப்புக் கருவி
* ஒளி உணரி
* டெசிபெல்