வளருங் கல்லும் வைகறை ஒளியும்

நெடுந்தீவுக்குச் சென்று மீண்டோரை வினாவினால், கட்டுப்பாடின்றித் திரியும் குதிரைகளையும், பெருக்க மரத்தையும், முருகைக் கற்களாற் கட்டப்பெற்றுச் சிதைந்து நிற்குங் கோட்டையையும் முதலிற் கூறுவர். அதன்பின், சற்றே குரலைத் தாழ்த்தி, "வளருங் கல்லையும் கண்டோம்" என்பர். நிலத்தினின்று தனித்து எழுந்து நிற்கும் முருகைக் கல் அது. ஆண்டுதோறும் அது வளர்கின்றதென்பது ஊரவர் நம்பிக்கை. அதனை வழிபடுவோரும் உளர். கல் வளருமா என்னும் வினாவை மாணவர் எம்மிடம் பலகாலும் எழுப்பியதுண்டு. அவ்வினாவுக்கு விடை காணப் புகுந்த நாம், ஒரு கல்லை ஒளிப்படம் எடுப்பது எவ்வாறு என்பதனையே முதலிற் கற்க வேண்டியவரானோம். அங்ஙனங் கற்றதனை இம்மலர் வாயிலாகப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதன்முறை மாணவர் சிலருடன் குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணத்தின்பின் நெடுந்தீவை அடைந்தோம். பிற இடங்களைப் பார்த்துவிட்டுக் கல்லின் அருகே சென்றபோது உச்சிப்பொழுதாயிற்று. மாலைப் படகைத் தவறவிடுவோமோ என்னும் அச்சத்தில் விரைந்து படமெடுத்தோம். கல்லூரிக்கு மீண்டபின், பழைய மாணவரொருவர் பேணி வைத்திருந்த பழம்படம் ஒன்றினை எம் படத்துக்கு அருகே வைத்து, "ஐயா, இந்தக் கல் வளர்ந்திருக்கின்றதா?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். எம்மால் விடை கூற இயலவில்லை. பழைய படத்திற் கல்லின் அருகே அளவுகோல் இல்லை. எம் படத்திலும் இல்லை. போதாக்குறைக்கு, எம் மாணவர் இருவர் கல்லின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு முறுவலித்து நின்றனர். கல்லோ வெளிறிய காகிதம்போல் மேடுபள்ளம் ஏதுமின்றித் தோன்றியது.

இக்குறைக்குக் காரணம் கமரா அன்று. நாம் சென்ற நேரமே. ஒரு பொருளின் மேடுபள்ளங்களை எமக்குக் காட்டுவது ஒளி மட்டுமன்று, ஒளியும் நிழலுஞ் சேர்ந்த கூட்டாகும். நெடுந்தீவு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதரைப் பாகையில் உள்ளது. ஆதலின் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களிலும் ஓகஸ்ட் மாத இறுதியிலும் நண்பகற் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்பான். அப்போது நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். செங்குத்தான கல்லின் பக்கங்களில் ஒளி நன்கு படியாது. சுற்றியுள்ள வெண்ணிலமோ கண்ணைக் கூசச் செய்யும். சூரியன் அடிவானுக்கு மேல் 45 பாகையில் நிற்கும்போது நிழலின் நீளம் பொருளின் உயரத்துக்குச் சமமாகும். 10 பாகையில் நிற்கும்போதோ அது உயரத்தைப்போல் ஏறத்தாழ ஐந்தேமுக்கால் மடங்காகும். பக்கவாட்டில் வரும் இத்தாழ்ந்த ஒளியிலேயே கல்லின் ஒவ்வொரு துளையும் தனித்தனியே புலப்படும்.

இத்தகைய ஒளி நெடுநேரம் நில்லாது. வானிற் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கின்றான். மேனாடுகளில் அவன் சாய்வாக எழுதலின் தாழ்ந்த ஒளி நீடித்து நிற்கும். எம் நாட்டிலோ அவன் ஏறக்குறைய நேராக மேலெழுவதால், உதயத்தின்பின் முக்கால் மணி நேரத்துக்குள் 10 பாகையைக் கடந்துவிடுவான். ஆகவே காலைப் படகில் வருபவருக்கு அவ்வொளி கிட்டாது. முதல்நாளே தீவிற் சென்று தங்குதல் வேண்டும்.

வைகறை ஒளியின் செந்நிறத்துக்கும் காரணம் உண்டு. அடிவானத்திலிருந்து வரும் கதிர், தலைக்கு மேலிருந்து வருங் கதிரைக் காட்டிலும் முப்பது மடங்குக்கு மேற்பட்ட வளியை ஊடுருவி வருகின்றது. அவ்வழியில் நீல ஒளி பெரிதுஞ் சிதறிப்போகச் செவ்வொளியே எஞ்சி எம்மை வந்தடைகின்றது. அவுஸ்திரேலியாவின் வறண்ட நடுநிலத்தில் 348 மீற்றர் உயர்ந்து நிற்கும் உலுறு என்னும் பெரும்பாறையை உதயவேளையிற் படமெடுக்க உலகெங்கணும் இருந்து மக்கள் செல்வதும் இதுபற்றியே. அப்பாறையிலுள்ள இரும்பு காற்றுப் பட்டுத் துருவேறியதால் அஃது இயல்பாகவே செந்நிறமுடையது. உதய ஒளி அந்நிறத்தை மிகுவிக்கின்றது. எம் முருகைக் கல்லோ வெளிறியது. எவ்வொளி படுகின்றதோ அவ்வொளியின் நிறத்தையே அது காட்டும். எனவே கல்லின் வடிவத்தை உதயத்திற் படமெடுத்தபின், அதன் உண்மை நிறத்தைக் காட்டச் சூரியன் ஓரளவு உயர்ந்தபின் மற்றொரு படமும் எடுத்தல் நன்று.

உலுறுவிலிருந்து நாம் கற்கவேண்டிய பிறிதொன்றும் உண்டு. அப்பாறை அனங்கு மக்களுக்குப் புனிதமானது. 1985 இல் அந்நிலத்தின் உரிமை அவர்களிடம் மீள அளிக்கப்பட்டது. அவர்தம் விருப்பத்துக்கு இணங்க, 2019 ஒக்டோபர் 26 முதல் அதன்மீது ஏறுதல் தடைசெய்யப்பட்டுள்ளது. பாறையின் சில பகுதிகளைப் படமெடுக்க வேண்டாமென்றும் அவர்கள் கேட்டுக்கொள்கின்றனர். வழிபாட்டுக்குரிய கல்லை ஆராயப் புகுவோர் அவ்வழிபாட்டை மதித்தே புகவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இவற்றையெல்லாம் உளங்கொண்டு இரண்டாம் முறை சென்ற நாம், மாணவர் ஒருவரின் உறவினர் இல்லத்தில் இரவு தங்கினோம். சோளகக் காற்று எழும் மாதங்களிற் கடல் கொந்தளிக்குமாதலின், மாசி மாதத்தையே தெரிந்துகொண்டிருந்தோம். விடியுமுன் கல்லை அடைந்தபோது, அவ்வழியாற் சென்ற மூதாட்டி ஒருவர் எம்மையும் எம் கையிலிருந்த அளவுகோலையும் மாறிமாறிப் பார்த்தார். வந்த காரணத்தைக் கூறினோம். "அளக்கிறதெண்டால் அளவுங்கோ, தம்பி. செருப்பைக் கழட்டிப்போட்டு அளவுங்கோ" என்றார். அவ்வாறே செய்தோம்.

நாம் கைக்கொண்ட முறை எளியது. கைத்தொலைபேசி உடையார் எவருஞ் செய்யத்தக்கது. முதலாவது, கல்லுக்கு வடக்கே நின்று தெற்கு நோக்கினோம். அதனால் ஒளி எமக்கு இடப்புறமிருந்து கல்லின்மேற் சாய்வாகப் படிந்தது. இரண்டாவது, அளவு குறித்த தடியைக் கல்லுக்கு முன்னாலன்றி, அதன் பக்கத்தில் அதேயளவு தூரத்தில் நாட்டினோம். முன்னால் நாட்டினாற் தடி பெரிதாகவும் கல் சிறிதாகவுந் தோன்றும். மூன்றாவது, கமராவைக் கல்லின் நடு உயரத்துக்குச் சமமாக முக்காலியில் வைத்தோம். மேலிருந்தோ கீழிருந்தோ எடுப்பின் உயரம் பிழைபடும். நான்காவது, கல்லுக்குங் கமராவுக்கும் இடைப்பட்ட தூரம், திசை, நாள், நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதினோம். அடுத்த ஆண்டு வருபவர் அதே இடத்தில் நின்று அவ்வாறே எடுத்தாலன்றி ஒப்புநோக்குதல் இயலாது. அல்ப்ஸ் மலையின் பனியாறுகள் சுருங்குவதை அறிஞர் கண்டறியத் துணைபுரிந்த வழிகளுள் இவ்வாறு ஓரிடத்தினின்று மீளமீளப் படமெடுத்தலும் ஒன்று.

சூரியன் எழுந்து சிறிது நேரத்திற் கல்லின் முகம் மாறியது. நண்பகலில் வெறுமையாகக் கிடந்த பரப்பிற் சிறுசிறு விண்மீன் போன்ற வடிவங்கள் தோன்றின. அவை முன்னொருகாற் கடலில் வாழ்ந்த பவள உயிரிகளின் இருப்பிடங்கள். அவ்வுயிரிகள் தாம் வாழுங் காலத்திற் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பெற்றுத் தம்மைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும். அதுவே முருகைக் கல்லின் வளர்ச்சி. ஆகவே கல் வளர்ந்தது என்னுங் கூற்றில் ஓர் உண்மை இல்லாமலில்லை. அஃது ஒருகாலத்திற் கடலில் உயிரோடு வளர்ந்ததே. கடலை நீங்கியபின் அவ்வளர்ச்சி நிகழாது. மாறாக, மழைநீரிற் கரைந்துள்ள கரியமில வாயு சுண்ணாம்புக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். சுற்றிலுமுள்ள மண் அரிக்கப்படுமாயின் கல் உயர்ந்ததுபோலத் தோற்றவுங் கூடும். இக்கல்லுக்கு நேர்ந்தது யாது என்பதனை ஓராண்டுப் படங்கொண்டு துணிதல் தகாது. நாம் எடுத்தது முதற்படமேயாம்.

இம்முறை ஒரு கல்லோடு அமைவதன்று. நெடுந்தீவின் காணிகளைச் சூழ்ந்து, சாந்தின்றி அடுக்கப்பெற்ற முருகைக் கல் மதில்கள் யாழ்ப்பாணத்தின் பிற இடங்களிற் காண்டற்கரிய செல்வமாகும். கல் சரிந்த இடத்தில் மீள அடுக்குவாரின்றேல் மதில் மண்ணாகும். அவற்றைப் படமெடுக்க விரும்பும் மாணவர் ஒன்றை நினைவிற் கொள்க. மார்கழி, தை மாதங்களிற் சூரியன் நேர்கிழக்குக்குத் தெற்கே 24 பாகை வரை விலகி உதிப்பதால், கிழக்கு மேற்காகச் செல்லும் மதிலின் தெற்கு முகத்தில் ஒளி சாய்வாகப் படும். ஆனி மாதத்தில் வடக்கு முகத்தில் அவ்வாறு படும். மதிலின் இருபுறமும் பதிவாக வேண்டுமெனின் ஆண்டில் இருமுறை செல்லுதல் வேண்டும்.

இறுதியாகப் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். 1990 இலும் 1995 இலும் வீடுவாசலைவிட்டு இடம்பெயர்ந்த எம்மவர், காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு படத்தொகுதிகளை விட்டுச் சென்றனர். அவ்வாறு போனவை மீளா. ஆயினும் கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழும் உங்கள் இல்லங்களில், தீவுகளுக்குச் சுற்றுலாச் சென்றபோது எடுத்த படம் ஒன்றேனும் எஞ்சியிருக்கலாம். படத்தில் நிற்பவர் யாவர் என்பதனை நீங்கள் அறிவீர்கள். அவர்க்குப் பின்னே நிற்குங் கல்லையும் மதிலையும் ஒருமுறை உற்று நோக்குங்கள். எடுத்த ஆண்டு நினைவிலிருப்பின் அதனைப் படத்தின் பின்புறத்தில் எழுதி, ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பி உதவுங்கள். எம் மாணவன் கேட்ட வினாவுக்கு விடை, அளவுகோல் தாங்கிய எம் படத்திலும் உங்கள் பழம்படங்களிலும் சேர்ந்தே இருக்கின்றது.