செல்போனுக்குள்ளே சூளை!

ஊருக்கு ஒருவர் இருப்பார். எந்தக் கம்பெனி புது செல்போன் விட்டாலும், அது கடைக்கு வருவதற்கு முன்பே அதன் ஜாதகம் அவர் கையில் இருக்கும். என்ன விலை, எத்தனை காமிரா, பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், போன வருஷத்து ரகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கேட்க வேண்டியதுதான் தாமதம், மளமளவென்று ஒப்பித்து விடுவார். அவர் சட்டைப் பையில் இருப்பது என்னவோ நாலு வருஷத்துப் பழைய செல்போனாக இருக்கும்! அதனால் என்ன? கிரிக்கெட் பேசுகிறவர்கள் எல்லாம் மட்டை பிடித்தவர்களா?

விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் நடுவே இருக்கும் மங்கலம்பேட்டையும் இதற்கு விலக்கு அல்ல. டீக்கடைப் பெஞ்சில் இந்த ரசிகர் உட்கார்ந்து விட்டால் பேச்சு இப்படித்தான் போகும்:

"சாம்சங் கம்பெனி முதலில் என்ன வியாபாரம் செய்தது தெரியுமா, மாமா? கருவாடு!"

"என்னது, கருவாடா?"

"ஆமாம். 1938-ல் கொரியாவில் கருவாடும் நூடுல்ஸும் விற்ற கடை அது. நோக்கியா 1865-ல் பின்லாந்தில் ஆரம்பித்த மரக்கூழ் ஆலை. வீடியோ விளையாட்டு விற்கிற நின்டெண்டோ 1889-ல் சீட்டுக்கட்டு செய்தது."

"அப்படியானால் நம்ம ஊர்க் கருவாட்டுக்காரரும் ஒரு நாள் டெலிவிஷன் பெட்டி செய்வார் என்று சொல்லு, மாப்பிள்ளை!"

பெஞ்சு முழுவதும் சிரிக்கும். ஆனால் இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கருவாடு இருக்கட்டும். பீங்கான் செய்து கொண்டிருந்தவர்கள் செல்போன் உலகத்தையே கைக்குள் போட்டுக் கொண்ட கதை ஒன்று உண்டு. அந்தக் கதையைக் கேட்க மங்கலம்பேட்டையை விடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. ஏனென்றால் பக்கத்திலேயே இருக்கிறது, பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம்.

வெள்ளை மண்

நெய்வேலியில் நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. அந்த மண்ணோடு வேறு கற்பொடிகளையும் கலந்து, அரைத்து, கூழாக்கி, பிளாஸ்டர் அச்சில் ஊற்றிச் சூளையில் சுட்டால் பீங்கான். விருத்தாசலத்துப் பட்டறைகளில் பொம்மை, விளக்கு, கிண்ணம் என்று பல சாமான்கள் பிறக்கின்றன. செராமிக் தொழிலைப் பாடமாகச் சொல்லித் தரும் அரசினர் கல்வி நிலையமும் அங்கேயே இருக்கிறது.

பொம்மையைப் போலவே விருத்தாசலத்துக்குச் சோறு போட்ட இன்னொரு சாமான் உண்டு: மின்சார ப்யூஸ். பழைய வீடுகளில் மரப்பலகை மேல் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்குமே, அதுதான். விளக்கு அணைந்தால் அதை உருவி, கம்பி மாற்றி, மறுபடி சொருகாத குடும்பத் தலைவர் யார்? மின்சாரம் பீங்கானில் பாயாது. சூட்டுக்கும் அது அசையாது. ஆகவே அந்த உத்தியோகம் அதற்குக் கிடைத்தது.

இப்போது புது வீடு கட்டுகிறவர்கள் ப்யூஸ் கேட்பதில்லை. தானே கீழே விழும் பிளாஸ்டிக் சுவிட்சு வந்து விட்டது. எம்.சி.பி. என்கிறார்கள். பீங்கான் ப்யூஸ் கெட்டுப் போனதால் ஒதுக்கப்படவில்லை; அதன் வேலையை வேறொன்று இன்னும் சுலபமாகச் செய்கிறது, அவ்வளவுதான். மண்ணைச் சுடத் தெரிந்த கைகள் அடுத்து எதைச் சுடுவது? டீக்கடை ரசிகரின் கம்பெனிக் கதைகளுக்கு உள்ளே இருக்கும் கேள்வி இதுதான்.

பீங்கான் சட்டை

செல்போன் கம்பெனிகளுக்குப் பீங்கான் மேல் ஒரு மோகம் அவ்வப்போது வரும். 2015-ல் ஒன்பிளஸ் கம்பெனி பீங்கான் முதுகு வைத்த ஒரு ரகத்தைப் பத்தாயிரம் மட்டுமே செய்து விட்டது. 2016-ல் ஷியாமி கம்பெனியின் மி மிக்ஸ் வந்தது. அதன் அடுத்த ரகம் 2017-ல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. 2019-ல் சாம்சங்கும் தன் எஸ்-10 பிளஸ்ஸுக்குப் பீங்கான் சட்டை போட்டுப் பார்த்தது.

இது நெய்வேலி மண் அல்ல, சிர்கோனியா. நகைக்கடையில் "அமெரிக்கன் டயமண்ட்" என்று கல் வைத்துத் தருகிறார்களே, அதுவும் அடிப்படையில் இதே பொருள்தான். இதற்கு மூலமான சிர்கான் மணல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கிடைக்கிறது! சாவிக்கொத்தோடு ஒரே பையில் போட்டாலும் கீறல் விழாது. ஆனால் சுடும்போது பொருள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி விடும். அந்தச் சுருக்கத்தைக் கணக்குப் போட்டு அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். சுட்ட பிறகு தேய்த்துச் சரி செய்ய வைரத் தூள் வேண்டும். கனமும் அதிகம், விலையும் அதிகம்.

ரசிகர்கள் இதைப் பார்த்துச் சொக்கிப் போகிறார்கள். போகட்டும். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: இவ்வளவு பாடுபட்டுச் செய்த பீங்கான் முதுகை, வாங்கிய அன்றே ரப்பர் உறைக்குள் போட்டு மூடி விடுகிறார்களே!

ஆப்பிள் கம்பெனி வேறு வழியில் போயிற்று. 2020-ல் வந்த ஐபோன் 12-ன் முன்பக்கத்துக்கு "செராமிக் ஷீல்டு" என்று பெயர் சூட்டியது. 2025-ல் ஐபோன் 17-ல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. பெயரில் செராமிக் இருந்தாலும் அது கண்ணாடிதான். கண்ணாடிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பீங்கான் படிகங்களை வளர்த்திருக்கிறார்கள். செய்து கொடுப்பது அமெரிக்காவின் கார்னிங் கம்பெனி.

இந்த வித்தை பிறந்ததே ஒரு சூளைத் தவற்றில்தான். 1950-களின் தொடக்கத்தில் கார்னிங் ஆராய்ச்சிக்கூடத்தில் டொனால்டு ஸ்டூக்கி என்ற விஞ்ஞானி ஒரு கண்ணாடித் தகட்டைச் சூளையில் வைத்தார். 600 டிகிரியில் நிற்க வேண்டிய சூடு, கருவிக் கோளாறால் 900 டிகிரிக்கு ஏறி விட்டது. கண்ணாடி உருகிச் சூளை பாழாயிருக்கும் என்று நினைத்துக் கதவைத் திறந்தார். தகடு உருகவில்லை! பால்போல் வெளுத்திருந்தது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, உடையவில்லை! அடுப்பில் வைக்கக்கூடிய பாத்திரமாக அது முதலில் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது. சூளைக்கு முன்னால் நின்று பழகியவர்களுக்கு இந்தக் கதை நன்றாகப் புரியும். சூடு ஏறிப் போன ராத்திரியில் அவர்கள் சாமானை வெளியே கொட்டியிருப்பார்கள். ஸ்டூக்கி உட்கார்ந்து ஏன் என்று கேட்டார்.

கியோட்டோவின் இரண்டு பட்டறைகள்

முதுகும் முகமும் வெளியே தெரிகிற பீங்கான். தெரியாத பீங்கான்தான் பெரிய சமாசாரம்.

ஜப்பானில் கியோட்டோ நகரம் பீங்கானுக்குப் பெயர் பெற்றது. அங்கே அகிரா முராட்டா என்பவரின் தந்தைக்கு ஒரு சிறு பீங்கான் பட்டறை. மின்சாரக் கம்பிக்கு வேண்டிய பீங்கான் சாமான்கள்தான் தொழில். விருத்தாசலத்து ப்யூஸுக்கு ஒன்று விட்ட அண்ணன் என்று வைத்துக் கொள்ளுங்களேன்! வியாபாரத்தைப் பெருக்க மகன் ஆசைப்பட்டான். தந்தை சம்மதிக்கவில்லை. விலையைக் குறைத்துப் பக்கத்துப் பட்டறைக்காரனின் வாடிக்கையைப் பறிப்பது ஒரு தொழிலா என்றார். அப்படியானால் பிறர் செய்யாத சாமானைச் செய்கிறேன் என்று மகன் புறப்பட்டான். 1944-ல் முராட்டா கம்பெனி பிறந்தது. கியோட்டோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களோடு சேர்ந்து பேரியம் டைட்டனேட் என்ற புதுப் பீங்கானை ஆராய்ந்தார்கள்.

அதே ஊரில் 1959-ல் காசுவோ இனமோரி என்ற 27 வயது இளைஞர், மொத்தம் 28 பேரோடு "கியோட்டோ செராமிக்" என்ற கம்பெனியைத் தொடங்கினார். டெலிவிஷன் குழாய்க்குள் போகும் சின்னப் பீங்கான் துண்டு அவர்களுடைய முதல் சரக்கு. 1966-ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். இரண்டரைக் கோடி பீங்கான் தகடுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. முதலில் செய்து அனுப்பிய மாதிரிகள் திரும்பி வந்தன. விடவில்லை, மறுபடி சுட்டார்கள். ஆர்டரை முடித்துக் கொடுத்தார்கள். இன்று கியோசெரா என்று உலகம் அறிந்த கம்பெனி அதுதான்.

முராட்டாவின் பீங்கான் செல்போனுக்குள் என்ன செய்கிறது? மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் "கண்டென்சர் போயிருக்கும்" என்கிறோம் அல்லவா? ரேடியோக் காலத்து மெக்கானிக்குகள் வாயில் புழங்கிய சொல் அது. அந்த இனத்தைச் சேர்ந்த பீங்கான் துணுக்குகள் விலை உயர்ந்த ஒரு செல்போனில் ஏறக்குறைய ஆயிரம் இருக்கின்றன! மின்சாரத்தைச் சற்று நேரம் தேக்கி, ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்து அனுப்புவது அவற்றின் வேலை. அவை இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் மூளைச் சில்லு ஒரு கணம்கூட ஒழுங்காக ஓடாது. சாதாரணமாகப் புழங்கும் ஒரு ரகத்தின் நீளம் 0.4 மில்லிமீட்டர், அகலம் 0.2 மில்லிமீட்டர். கடுகு அதற்குப் பக்கத்தில் பூசணிக்காய்! 2024-ல் முராட்டா அறிவித்த ரகம் 0.16-க்கு 0.08 மில்லிமீட்டர்தான்.

செய்முறையைக் கேட்டால் விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பழகிய வேலைபோல் இருக்கும். பொடியைக் கூழாக்கி, மிக மெல்லிய ஏடாகப் பரப்பி, நிக்கல் மையால் அச்சடித்து, நூற்றுக்கணக்கில் அடுக்கி அமுக்கி, துண்டு போட்டு, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட வேண்டும். வெற்றிலைக் கவுளி அடுக்குவதுபோல! ஆனால் ஓர் ஏடு நம் தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. நடுவில் ஒரு தூசி விழுந்தால் சரக்கு போயிற்று. நிக்கல் துருப்பிடிக்காமல் இருக்க, பிராண வாயு அண்டாத காற்றுக்குள் சுட வேண்டும். ப்யூஸ் சுட்ட சூளையில் நாளைக்கே இதைச் சுடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முராட்டாவுக்கே பல பத்து வருஷங்கள் ஆயின. ஆனால் அவர்களும் ஆரம்பித்தது ஒரு பட்டறையில்தான். பக்கத்தில் ஒரு கல்விச்சாலை துணை நின்றது.

பொட்டலம் இங்கே, சூளை எங்கே?

தமிழ்நாட்டில் செல்போன் செய்வது புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் தொழிற்சாலை திறந்து 2014-ல் மூடியது. 2019 முதல் அதே வட்டாரத்தில் பாக்ஸ்கான் கம்பெனி ஐபோன்களைக் கோத்து வருகிறது. ஆனால் கோப்பது வேறு, செய்வது வேறு. பூ ஒரு ஊரில் விளைய, மாலை ஒரு ஊரில் கட்டுவதுபோல, உள்ளே போகும் பீங்கான் துணுக்குகள் பெரும்பாலும் கப்பலிலும் விமானத்திலும் வருகின்றன.

2025 மார்ச்சில் மத்திய சர்க்கார், இப்படிப்பட்ட உதிரிப் பாகங்களை இந்தியாவிலேயே செய்ய 22,919 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. மாநில அரசும் அதற்குத் துணையாக ஒரு திட்டம் அறிவித்தது. அதே 2025-ல் இன்னொரு செய்தியும் வந்தது. முராட்டா கம்பெனி சென்னைக்கு அருகே ஒரு கட்டடம் வாடகைக்கு எடுத்திருக்கிறது! எதற்கு? கண்டென்சர்களைப் பொட்டலம் கட்டி அனுப்புவதற்கு. சுடுவதற்கு அல்ல.

டீக்கடை ரசிகர்கள் இந்தச் செய்தியைப் பெரிதாக எடுத்துக் கொள்ள மாட்டார்கள். காமிரா எத்தனை என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். ஆனால் செல்போன் ரிப்பேர் கடைப் பையனுக்கு இந்தப் பீங்கான் துணுக்குகள் நன்றாகத் தெரியும். செத்துப் போன செல்போன் ஒன்று வந்தால், பல சமயம் குற்றவாளி ஒரே ஒரு கண்டென்சர்தான். எது என்று கண்டுபிடிக்கப் பலகை மேல் ரோசின் புகை காட்டி, மின்சாரம் கொடுத்துப் பார்ப்பான். பழுதான துணுக்கு சூடேறும். அதன் மேல் படிந்த வெள்ளை மட்டும் உருகி மறையும். இடுக்கியால் அதைக் கிள்ளி எடுப்பான். மாற்றுக்குப் புதிது வாங்க வேண்டியதில்லை. மேஜை அறையில் பழைய செல்போன் பலகைகள் கிடக்கின்றன. பூதக்கண்ணாடி வைத்து, அவற்றிலிருந்து ஒன்றைச் சூட்டில் கழற்றி, இதில் ஒட்ட வைப்பான்.