குதிரை இல்லாத துப்பாக்கி

பழைய நாட்டுத் துப்பாக்கியைக் கண்டவர்கள் குதிரையை மறந்திருக்கமாட்டார்கள். பின்புறத்தில் தலை நிமிர்ந்து நின்று, விசையை இழுத்ததும் டக்கென்று குனிந்து அடிக்கும் இரும்புத் துண்டைத்தான் நம்மவர் அப்படி அழைத்தார்கள். இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் கைத்துப்பாக்கி ஜாதியில் அது கிடையாது. நீண்ட ஊசி ஒன்று சுருள்வில்லின் பலத்தால் தானே முன்னோக்கிப் பாய்ந்து தோட்டாவின் அடியைக் குத்துகிறது.

ஆஸ்திரிய-ஹங்கேரியக் குதிரைப்படைக்கென்று 1907-ஆம் ஆண்டு ஏற்றுக்கொள்ளப்பட்ட ராத்-ஸ்டெயர் இவ்வகையினதே. (குதிரைமேல் இருப்பவனுக்குக் குதிரை இல்லாத துப்பாக்கி!) பிராணி மிரண்டு துள்ளும்போது விரல் பட்டு வெடித்துவிடாதிருக்க, அதில் ஊசியைப் பாதிதான் பின்னுக்கு இழுத்து வைத்திருந்தார்கள்; மீதியை விரல் இழுக்க வேண்டும். திரைச்சீலைக் கம்பிகளும் ராணுவத்துக்குக் கத்திகளும் செய்துவந்த காஸ்டன் கிளாக், 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட தம்முடைய துப்பாக்கியில் அதே யுக்தியைக் கையாண்டார்.

அதன் விசையின் முகத்தில் நாக்கைப் போல் ஒரு சிறு தகடு துருத்திக்கொண்டிருக்கும். விரல் அதை அமுக்கினாலன்றி விசை அசையாது. விசையோடு இணைந்து பின்னே செல்லும் நீண்ட தகட்டின் வால், ஊசியின் முளையைப் பிடித்தபடி ஒரு மேடைமீது அமர்ந்திருக்கிறது. மேடையின் விளிம்பைத் தாண்டும்வரை அதற்குக் கீழிறங்க வழியில்லை. வழியிலேயே அத்தகட்டின் காது, ஊசியின் பாதையை மறித்து நிற்கும் குமிழை மேலே தள்ளிவிடுகிறது. இவ்வளவும் ஆன பிறகே வால், கனெக்டர் என்னும் சரிவான தகட்டில் வழுக்கி இறங்கி, ஊசியை விடுகிறது. விசையின் பயணம் மொத்தம் 12.5 மில்லிமீட்டர்; இழுக்க வேண்டிய பலம் சுமார் 5.5 பவுண்டு. நியூயார்க் நகரப் போலீஸாருக்கு அது போதாதென்று தோன்றி, ஏறத்தாழ 12 பவுண்டாக ஏற்றிக்கொண்டார்கள்.

வாங்குகிறவர்களின் அபிப்பிராயமோ நேர்மாறானது. விசை தொளதொளவென்றிருக்கிறது, கனக்கிறது என்று குறைபட்டுக்கொண்டு, வேறு பட்டறைகள் செய்து விற்கும் விசைகளைத் தேடிப் போகிறார்கள். தொளதொளப்பு என்று அவர்கள் வையும் அந்தத் தூரத்தில்தான் காவலெல்லாம் நடைபெறுகிறது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊசி விடுபடுமுன் விசை செல்லும் அந்த முன்னோட்டத்தைக் குறைக்கும் விசையில் வால் ஆரம்பத்திலேயே மேடை விளிம்பை நெருங்கி நிற்கும். குமிழும் சற்றே எழும்பியிருக்கும். பலவீனமான ஊசி ஸ்பிரிங்கைப் போட்டால் இழுப்பு இலகுவாகும், வாஸ்தவம். ஆனால் அடிப்பாகம் கெட்டியான தோட்டாவை ஊசி வெறுமனே கீறிவிட்டு நிற்கும். ஊசி விடுபட்ட பிறகும் விசை செல்லும் பின்னோட்டத்தை நிறுத்தும் திருகு, சுட்ட அதிர்ச்சியில் ஒரு மயிரிழை முன்னே வந்துவிட்டாலோ, வால் கடைசிவரை இறங்காது, துப்பாக்கி ஊமையாகிவிடும். அட்டைக் குறியைச் சுடும் பந்தயக்காரருக்கு அதனால் ஒரு புள்ளி நஷ்டம், அவ்வளவே. இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடுகிறவர் இந்த விளையாட்டில் இறங்குவது எனக்குச் சம்மதமில்லை.

கம்பெனிகளும் தவறாமல் இருந்துவிடவில்லை. சிக் நிறுவனத்தின் பி320, 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவத்தின் தேர்வைப் பெற்றது. அவ்வாண்டே, பின்புறம் கீழாக ஒரு குறிப்பிட்ட சாய்வில் தரையில் விழுந்தால் அது தானாகவே வெடிப்பது வெளிப்பட்டது. துப்பாக்கி தரையில் மோதி நின்ற பிறகும், விசை தன் சொந்த எடையின் வேகத்தால் நிற்காமல் பின்னே சென்றதே காரணம். ஆகஸ்டில் நிறுவனம் அறிவித்த பரிகாரமும் இலகுவாக்குவதுதான். ஆனால் அவர்கள் குறைத்தது இழுக்கும் பலத்தையன்று, விசை என்னும் அந்தத் துண்டின் எடையை.

(தொடரும்)