முழுத்தொங்கல் மலை மிதிவண்டி

முழுத்தொங்கல் மலை மிதிவண்டி என்பது, முன்சக்கரம், பின்சக்கரம் ஆகிய இரண்டும் தனித்தனியே மேலும் கீழும் அசையத்தக்க தொங்கல் அமைப்பைக் கொண்ட மலை மிதிவண்டி ஆகும். முன்புறத்தில் ஃபோர்க் எனப்படும் கவையும், பின்புறத்தில் ஷாக் அப்சார்பர் எனப்படும் அதிர்வுத்தாங்கியும் இப்பணியைச் செய்கின்றன. முன்புறம் மட்டும் தொங்கல் கொண்டது ஹார்ட்டெயில் எனப்படும்.

சட்டகத்தையும் பிற பாகங்களையும் தனித்தனியே தேர்ந்து தமக்கென வண்டியை உருவாக்கிக் கொள்வோரும் உளர். எவ்வாறு பெறப்பட்டாலும், தொங்கல் அமைப்பை ஓட்டுநரின் எடைக்கு ஏற்ப இசைவாக்காவிடின் விலையுயர்ந்த பாகங்களும் முழுப்பயன் தரா. தவறான அமைப்பு இறக்கங்களில் ஓட்டுநரைத் தூக்கி எறியவும் கூடும்.

வரலாறு

மலை மிதிவண்டி ஓட்டம் 1970களில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள மரின் கவுண்டியின் மலைப்பாதைகளில் பரவியது. 1976 இல் அங்கு தொடங்கிய இறக்கப் பந்தயம் ரீபேக் எனப்பட்டது. நீண்ட இறக்கத்தில் பின்சக்கரத்தின் மைய பிரேக் சூடேறி, அதிலுள்ள கிரீஸ் உருகிவிடும். அதனை மீண்டும் நிரப்ப வேண்டியிருந்ததே இப்பெயருக்குக் காரணம். 1977 இல் ஜோ பிரீஸ் இத்தகைய ஓட்டத்திற்கெனவே சட்டகம் வடிவமைத்தார். இவ்வண்டிகளில் தொங்கல் அமைப்பு இல்லை.

1989 இல் நிறுவப்பட்ட ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் கவைகள் இந்நிலையை மாற்றின. 1990களில் ஹார்ஸ்ட் லைட்னர் உருவாக்கிய பின்தொங்கல் வடிவமைப்பு பரவலாகப் பின்பற்றப்பட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் சுவிட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டர் முழுத்தொங்கல் வண்டியில் தங்கம் வென்றார்.

பின்தொங்கலின் இயக்கம்

பின்சக்கரத்தைத் தாங்கும் கரம், சட்டகத்துடன் அச்சுகளால் இணைக்கப்பட்டு நெம்புகோல் போல் இயங்குகிறது. சக்கரம் நகரும் மொத்தத் தொலைவை அதிர்வுத்தாங்கி அமுங்கும் தொலைவால் வகுத்தால் கிடைப்பது சராசரி நெம்பு விகிதம் ஆகும். சக்கரம் 150 மி.மீ. நகரும்போது தாங்கி 60 மி.மீ. அமுங்கினால் விகிதம் 2.5 ஆகும்.

ஓட்டுநர் மிதிக்கும்போது எடை பின்னோக்கிச் சாய்வதால் பின்புறம் அமுங்க முனைகிறது. அச்சுகளைத் தக்க இடத்தில் அமைத்து, சங்கிலியின் இழுவிசை இதனை எதிர்க்குமாறு செய்யலாம். ஆயின் இவ்விளைவு மிகுந்தால், மேடுகளில் மோதும்போது மிதிக்கட்டைகள் பின்னோக்கி உதைக்கும். ஆகவே ஒவ்வொரு வடிவமைப்பும் இவ்விரண்டிற்கும் இடையிலான ஒரு சமரசமே.

பாகங்களைத் தேர்தல்

* நகர்வு: நெடுந்தொலைவுப் பந்தய வண்டிகளுக்குப் பொதுவாக 100 முதல் 120 மி.மீ.; பொதுவான மலைப்பாதைகளுக்கு 120 முதல் 150 மி.மீ.; செங்குத்து இறக்கப் பந்தயத்திற்கு ஏறத்தாழ 200 மி.மீ.
* அதிர்வுத்தாங்கி: 230×60 என்பதில் முதல் எண் நீளத்தையும் இரண்டாவது எண் அமுங்கும் தொலைவையும் மி.மீ. இல் குறிக்கும். சட்டகத்திற்குக் குறிக்கப்பட்ட அளவையே பயன்படுத்த வேண்டும். கூடுதலாக அமுங்கும் தாங்கியைப் பொருத்தினால் சக்கரம் சட்டகத்தில் இடிக்கக்கூடும்.
* கவை: கவையின் நீளம் 10 மி.மீ. கூடினால் தலைக்குழாயின் கோணம் ஏறத்தாழ அரை பாகை சாய்கிறது. இதனால் ஏற்றங்களில் முன்சக்கரம் திசைமாறி அலையும். உற்பத்தியாளர் குறித்த எல்லையை மீறினால் சட்டகத்தின் மீதான விசையும் மிகும்.
* சக்கர மையம்: பின்புற மையத்தின் அகலம் 142, 148, 157 மி.மீ. எனப் பலவகைப்படும். இது சட்டகத்துடன் பொருந்த வேண்டும்.

இசைவாக்கம்

கீழ்க்காணும் வரிசையைப் பின்பற்றுவது இன்றியமையாதது. காற்றழுத்தம் மாறினால் தாங்கி மீளும் வேகமும் மாறுவதால், வரிசை தவறினால் செய்த வேலையை மீண்டும் செய்ய நேரும்.

1. தொய்வு: ஓட்டுநர் தலைக்கவசம், பை, நீர் ஆகியவற்றுடன் மிதிகள்மேல் நிற்கும்போது தொங்கல் அமுங்கும் அளவே தொய்வு. பின்புறத்தில் இது பெரும்பாலும் 25 முதல் 30 விழுக்காடும், முன்புறத்தில் 15 முதல் 20 விழுக்காடும் இருக்கலாம். தாங்கியின் தண்டிலுள்ள ரப்பர் வளையத்தைக் கொண்டு இதனை அளக்கலாம். தொய்வு குறைவாயின் சக்கரம் பள்ளங்களில் இறங்காது; மிகையாயின் அடிக்கடி முழுமையாக அமுங்கி இடிக்கும்.
2. மீள்வுத் தணிப்பு: அமுங்கிய வில் மீளும் வேகத்தை எண்ணெயின் ஓட்டம் கட்டுப்படுத்துகிறது. மிக விரைவாக மீண்டால் வண்டி துள்ளும். மிக மெதுவாக மீண்டால், அடுத்த மேடு வருமுன் சக்கரம் நிலைக்குத் திரும்பாமல் தொங்கல் படிப்படியாக இறுகிவிடும். இருக்கையில் அமர்ந்தபடி நடைபாதை விளிம்பிலிருந்து இறங்கும்போது பின்புறம் ஒருமுறை மட்டும் எழுந்து அமைந்தால் அது நல்ல தொடக்க நிலையாகும்.
3. அமுக்கத் தணிப்பு: இதில் குறைவேகம், மிகுவேகம் என்பன வண்டியின் வேகத்தை அன்று, தாங்கியின் தண்டு நகரும் வேகத்தையே குறிக்கும். மிதித்தல், பிரேக் பிடித்தல் ஆகியன முதல் வகையிலும், கற்களில் மோதுதல் இரண்டாம் வகையிலும் அடங்கும்.
4. காற்றறையின் கொள்ளளவு: தொய்வு சரியாக இருந்தும் தொங்கல் அடிக்கடி முழுமையாக அமுங்கினால், காற்றறையில் நெகிழிக் கட்டைகளைச் சேர்க்கலாம். இதனால் நகர்வின் இறுதிப் பகுதி மட்டும் கடினமாகும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, ஒரே பாதையில் ஓட்டிப் பார்த்துக் குறித்து வைப்பது நல்லது.

சுருள்வில் கணக்கீடு

காற்றுக்குப் பதிலாகச் சுருள்வில் உள்ள தாங்கியில் அழுத்தத்தை மாற்ற இயலாது. எடைக்கேற்ற வில்லையே வாங்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஓட்டுநர் பொருட்களுடன் 80 கி.கி. எனவும், அதில் 60 விழுக்காடு பின்சக்கரத்தில் விழுகிறது எனவும் கொள்வோம். பின்சுமை 48 கி.கி. ஆகும். நெம்பு விகிதம் 2.5 எனில் வில்லின் மீதான சுமை 120 கி.கி. ஆகும். 60 மி.மீ. இல் 30 விழுக்காடு தொய்வு 18 மி.மீ. ஆகும். எனவே வேண்டிய விறைப்பு மி.மீ. க்கு ஏறத்தாழ 6.7 கி.கி., அதாவது அங்குலத்துக்கு ஏறத்தாழ 375 பவுண்டு. விகிதம் நகர்வின்போது மாறுவதால் இது தொடக்க மதிப்பு மட்டுமே.

பராமரிப்பு

சேறும் தூசியும் மூடியுள்ள வளையங்களைத் தேய்த்து எண்ணெயைக் கெடுக்கின்றன. கவையின் கீழ்க்கால்களைக் கழற்றித் தூய்மை செய்து எண்ணெய் மாற்றுவதற்கு, ஏறத்தாழ 50 மணிநேர ஓட்டம் என்ற இடைவெளி சில கவைகளுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. அச்சுகளிலுள்ள பேரிங்குகள் தேய்ந்தால் பின்சக்கரம் பக்கவாட்டில் ஆடும். எவ்வளவு இசைவாக்கினாலும் இக்குறை நீங்காது. பேரிங்குகளை மாற்றவே வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* மிதிவண்டி
* சுருள்வில்
* நெம்புகோல்