ரெண்டு சீட், திறந்த கூரை: மடத்துக்குளம் ரோட்டுக்கு செட் ஆகுமா?

மார்கழி காலையில் கூரையைத் திறந்துவிட்டு, மடத்துக்குளத்தில் இருந்து அமராவதி அணை வரை ஒரு டிரைவ். நினைக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், வாங்கலாமா?

முதல் சிக்கல் விலை. உலகம் முழுக்க 'என்ட்ரி லெவல்' ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டிபிள் என்றால் மஸ்டா எம்எக்ஸ்-5தான். 1989-ல் அறிமுகமாகி, 2016-ல் 10 லட்சமாவது காரைத் தொட்டது. இந்தியாவில் விற்பனைக்கு இல்லை. ஒரு காலத்தில் கோவாவில் தயாரான 'சான் ஸ்டார்ம்' நம்மிடம் இருந்தது: ஃபைபர் பாடி, 1.2 லிட்டர் ரெனோ இன்ஜின், வெறும் 60 எச்பி. அதுவும் நின்றுபோச்சு. இப்போது எலெக்ட்ரிக்கில் வரும் எம்ஜி சைபர்ஸ்டர், 2025-ல் அறிமுகமானபோதே சுமார் 75 லட்சம் ரூபாய். இதுக்குப் பேர் என்ட்ரியாம்!

பணம் இருக்கு என்றே வைத்துக்கொள்வோம். அம்மா, அப்பாவை பழநி கூட்டிப்போக இன்னொரு கார் வேண்டும். ஏப்ரல் மதியம் கூரையை மூடி ஏசி போட்டுத்தான் ஓட்ட முடியும். இதெல்லாம்கூட பழகிவிடும்.

பழகாதது வேகத்தடை. இந்திய சாலை காங்கிரஸ் சொல்லும் உயரம் 10 செ.மீ. பிஎம்டபிள்யூ இசட்4-க்கும் தரைக்கும் இருக்கும் இடைவெளி சுமார் 11.4 செ.மீ.தான். ரெண்டு பேர் ஏறி உட்கார்ந்தால் அதுவும் குறையும். ஊருக்குள் தாரைக் கொட்டி மேடாக்கிய தடைக்கோ அளவே கிடையாது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் நிற்கிறதா? அப்படியானால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலோடு முடிக்காமல், உங்கள் தெரு வரை கேளுங்கள்.