மோட்டார் சைக்கிள் விளக்கை நாமே திருத்துவோம்

இடம்பெயர்ந்து வாழும் விவசாயிக்குக் குடியிருப்பு ஓரிடம், பயிர்செய்யும் நிலம் இன்னோரிடம். விடியுமுன் கத்தரிக்காய் மூட்டையுடன் சந்தைக்குப் புறப்படுபவரின் பின்விளக்கு எரியாவிட்டால், பின்னால் வரும் லொறிச் சாரதிக்கு அவர் தெரியமாட்டார். ஒரு சிறிய மின்குமிழின் பழுதினால் ஒரு குடும்பமே தன் உழைப்பாளியை இழக்கலாம்.

1990களில் பெற்றோலுக்கும் பற்றரிக்கும் தடை இருந்தபோது, வடபகுதி மக்கள் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். அந்தக் கைத்திறன் எம்மிடம் இன்னும் உண்டு.

பழுது எங்கே?

ஹோர்னும் சிக்னல் விளக்குகளும் சேர்ந்தே நின்றுவிட்டால் முதலில் பியூசையும் பற்றரியையும் பாருங்கள். பின்விளக்கு மட்டும் எரியாவிட்டால் குமிழைக் கழற்றி, உள்ளே இழை அறுந்துள்ளதா எனப் பாருங்கள். இழை நன்றாக இருந்தால், குமிழ் பொருந்தும் இடத்தில் பிடித்திருக்கும் களிம்பைச் சுரண்டித் துடையுங்கள். ஒரு விளக்கைப் போடும்போது மற்றொன்றும் மங்கலாக எரிந்தால், பெரும்பாலும் எர்த் வயர் தளர்ந்திருக்கும். பல சிறிய மோட்டார் சைக்கிள்களில் இயந்திரம் ஓடினால்தான் முன்விளக்கு எரியும். அது பழுதன்று.

வேலை தொடங்குமுன் சாவியை நிறுத்தி, பற்றரியின் மறை (−) வயரை முதலில் கழற்றுங்கள். முடிந்தபின் அதையே கடைசியாகப் பூட்டுங்கள்.

புதுக்குமிழ் பழையதன் அளவிலேயே இருக்கட்டும். இரட்டை இழைப் பின்குமிழ் பெரும்பாலும் 12 வோல்ற், 21/5 வாற். 21 பிரேக்குக்கு, 5 பின்விளக்குக்கு. வாற் கூடிய முன்குமிழைப் போட்டால் ஹோல்டர் உருகும். ஹலஜன் குமிழின் கண்ணாடியை வெறுங்கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் பட்ட இடம் சூடேறிக் குமிழ் விரைவில் பழுதாகும்.

பியூஸ் போனால் அதற்குப் பதிலாகக் கம்பியோ சிகரெட் தாளோ வைக்கவேண்டாம். வயர் தீப்பற்றும். ஹான்டிலின் கழுத்திலும் இருக்கையின் கீழும் வயர் உரசித் தோல் உரிந்துள்ளதா எனத் தேடுங்கள்.

பிடிவாதமான பசை

வெயிலில் இளகிய பழைய ரேப்பின் பசை வயரில் ஒட்டிக்கொண்டால், துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பூசிப் பத்து நிமிடம் விடுங்கள். பின் தேய்த்துத் துடைத்து, சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் எண்ணெயைப் போக்குங்கள். நன்கு உலர்ந்த பின்பே புது ரேப் சுற்றவேண்டும். எண்ணெயின்மேல் ரேப் நிற்காது.

நானே ஒருமுறை பின்விளக்கின் பிளாஸ்ரிக் மூடியில் இருந்த பசையைப் பெற்றோலால் துடைத்தேன். பசை போனது, மூடியும் வெடிப்புவிட்டு மங்கிப்போனது. பெற்றோல், தின்னர், நகப்பூச்சு நீக்கி எதுவும் பிளாஸ்ரிக் மூடிக்கு ஆகாது. அங்கும் தேங்காய் எண்ணெயே போதும். சுப்பர் குளூ விரலில் ஒட்டினால் பிய்த்து இழுக்காதீர்கள். இளஞ்சூடான சவர்க்கார நீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டி எடுங்கள்.

பத்துக் கன்னியர் உவமையில் ஐவர் எண்ணெயை மறந்தே வந்தனர். நாமும் இருட்டியபின் விளக்கைத் தேடவேண்டாம். ஒரு குமிழும் ஒரு பியூசும் இருக்கையின் கீழ் எப்போதும் இருக்கட்டும். கற்றதை அயல்வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள்.