நாலாவது பேட்டரி வாங்குவதற்கு முன்

விடிகாலை நாலரைக்குப் பூ மூட்டையோடு நின்றுபோன வண்டியைத் தள்ள ஓசூரில் ஆள் கிடைக்கும். அது ஏன் நின்றது என்று அளந்து பார்க்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. "பேட்டரி அவுட்டுண்ணா, மாத்திருங்க" என்ற ஒரே பேச்சை நம்பி, எங்கள் தெரு லோடு வண்டிக்காரர் ஒரே வருஷத்தில் மூன்று பேட்டரி மாற்றினார். இரண்டு, கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம்; ஒன்று இந்தப் பக்கம். கடைசியில் பார்த்தால் கோளாறு இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் ஒயரில். போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியதும் செல்ஃப் ஒரே தட்டில் எடுத்தது. மூன்று பேட்டரிக்கும் அவரிடம் ஒரு பில்கூட இல்லை.

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். ஏறவே இல்லையென்றால் டைனமோவையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள். புதுப் பேட்டரி போட்டாலும் அது இரண்டே நாளில் படுத்துவிடும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரித் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. எர்த்தைச் சோதிக்க மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் சரியில்லை. இரண்டு நிமிஷ வேலை.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சொருகாதீர்கள். ராயக்கோட்டை தக்காளி வண்டிகளில் இதை நான் பார்க்காத மாதம் இல்லை. ஃப்யூஸ் போனால் பெரும்பாலும் எங்கேயோ ஒயர் உரசுகிறது என்று பொருள். கம்பி போட்டால் ஃப்யூஸுக்குப் பதில் ஒயரிங் எரியும். எஃப்.சி. (தகுதிச் சான்று) நாளில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பவர்கள் ஃப்யூஸ் பெட்டி மூடியைத் திறந்து நான் கண்டதில்லை. அவர்கள் பார்க்கவில்லை என்பதற்காக நெருப்பு சும்மா இருக்காது.

எஃப்.சி. என்றதும் இன்னொன்று. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு அது வருஷா வருஷம் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 56-ஆம் பிரிவின்படி, தகுதிச் சான்று இல்லாத வண்டி முறையாகப் பதிவான வண்டியாகவே கருதப்படாது. எரிந்த வண்டிக்கு இழப்பீடு கேட்டுப் போனால் காப்பீட்டுக்காரர் முதலில் புரட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். சூளகிரிப் பக்கம் இருட்டில், டெயில் லைட் எரியாத பிக்கப்பின் பின்னால் லாரி வந்து மோதினாலும் அதே கதை.

இனி, ஏமாந்தவர்கள் செய்ய வேண்டியது. பில் கேட்டு வாங்குங்கள். தராமல் இருப்பதையே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், பேட்டரியின் சீரியல் நம்பர், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பார்த்த வோல்ட் எல்லாம் இருக்கட்டும். வாரண்டி அட்டையில் தேதியோடு கடை முத்திரை விழ வேண்டும். முத்திரை இல்லாத அட்டை வெறும் அட்டை. சார்ஜ் போட விட்டால் அதற்கும் ஒரு சீட்டு வாங்குங்கள். வாரண்டி மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

அப்புறமும் மசியவில்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லுங்கள். கூடவே 15 நாள் கெடு வைத்து, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை கர்நாடகத்தில் இருப்பதால் ஆனேக்கலுக்கும் பெங்களூருக்கும் அலைய வேண்டும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தேவையே இல்லை. நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று அதே நுகர்வோர் சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்கிறது. ஓசூர்க்காரர் கிருஷ்ணகிரியிலேயே போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

மனுவில் ஒரு வரி தவறக் கூடாது: "இந்த வண்டியைச் சுயதொழிலாக நானே ஓட்டிப் பிழைக்கிறேன்." அது இல்லையென்றால் 'வணிக நோக்கம்' என்று எதிர்த்தரப்பு மனுவைத் தள்ளப் பார்க்கும். சொந்தப் பிழைப்புக்காக வாங்கிய பொருளுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது.

கெட்டுப்போன பேட்டரியை முந்நூறு நானூறு குறைகிறதென்று எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். தேவைப்பட்டால் ஆணையம் அதைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பும். மறுபடியும் சொல்கிறேன், வழக்கு முடியும்வரை அந்தப் பேட்டரி உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும்.